அங்கம்மா யார் கையில் சாப்பிட்டாள்

தகரத் தட்டு ஒன்று சிமெந்துத் தரையில் விழும்போது இரண்டு சத்தம் உண்டு. முதலாவது ணங்கென்று காதில் அறையும். அது எல்லோருக்கும் கேட்கும். இரண்டாவது, தட்டு தன் விளிம்பில் எழுந்து நின்று, சுழன்று, சுழலச் சுழலத் தாழ்ந்து, கடைசியில் தரையோடு ஒட்டி அடங்குகிற சத்தம். அது அடங்கும்வரை அறையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இன்று மத்தியானம் நீங்கள் சோறு பரிமாறிக்கொண்டிருக்கையில் குசினிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. யார் போட்டது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு அது அங்கம்மாவின் தட்டு. சில வருஷங்களுக்கு முன்னால், மழை விட்டும் விடாத ஒரு காலையில், இதே தரையில் என் கால்மாட்டுக்கு வந்து சுழன்று நின்ற தட்டு.

வேலையை விட்டுப் போனவள் விருந்தாளியாய் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் குளிப்பாட்டுவது எப்படி, வலிப்பு வந்தவரை எந்தப் பக்கம் சாய்த்துக் கிடத்துவது, மருந்தை எதில் கலந்து கொடுப்பது, இதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதைக் காட்டித்தர ஆள் இருக்கிறது. கொஞ்ச நாளில் கை பழகிவிடும். கை பழகிய பிறகுதான் இந்த வேலையில் ஆபத்து ஆரம்பிக்கிறது. கை பழகிவிட்டால் முகங்கள் ஒன்றுபோலத் தெரியும். வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறதே, புத்தி வளர்ச்சி குன்றியோர் இல்லம் என்று, அந்தப் பலகைதான் உள்ளே வரிசையாக உட்கார்ந்து சோறு தின்கிறது என்று தோன்றிவிடும். பலகைக்குப் பசிக்காது. அங்கம்மாவுக்குப் பசிக்கும். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். தாய் இருந்தவரை தாயின் பின்னால் மலைக்குப் போய்ப் புல் பிடுங்கியிருக்கிறாள். தாய் போன பிறகு அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கங்காணி அவளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த வாசலில் இறக்கினார். பயந்துபோய் அழுவாள், இரண்டு நாள் தூங்கமாட்டாள் என்று நாங்கள் தயாராய் நின்றோம். அவள் இறங்கினாள். தலைத்துணியை உதறிக் கட்டினாள். விறாந்தையில் நின்ற எங்களையெல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"என்னா நாத்தனா, வண்டி வந்து எம்புட்டு நேரமாச்சு, ஒரு சொம்புத் தண்ணி குடுக்கணும்னு தோணல? ஒங்க அண்ணன் ஊர்ல இல்லன்னா இப்படித்தானா?"

நாத்தனா. அதாவது நான் அவளுடைய புருஷனின் தங்கை. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை; கங்காணி அதைத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். என் அண்ணன் எங்கே என்று பின்னாளில் நானே கேட்டிருக்கிறேன். "வெளிய போயிருக்காரு" என்பாள். நான் வேலையை விடும்வரை அவர் வெளியே போனவர் போனவர்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் உறவு கிடைத்துவிட்டது. சமையல்கார பண்டா, சிங்களவர், அவளுக்குத் தாய்மாமன். பொறுப்பாயிருந்த மிஸ்ஸி, கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த பறங்கிப் பெண், கல்யாணம் செய்துகொள்ளாதவர்; அவர் பெரியம்மா. நான் நாத்தனா. உறவுக்கு உறவு முறை வேறு. மாமன் கையில் சோறு வாங்கும்போது அவர் "மருமக" என்று கூப்பிட்டால்தான் வாங்குவாள். பெரியம்மாவைக் கண்டால் எழுந்து நிற்பாள். என்னிடம் முதலில் ஒரு சண்டை, பிறகுதான் சாப்பாடு.

"கஞ்சில உப்பு போட்டியா, இல்ல ஒங்க ஆத்தா வீட்டுக்குன்னு எடுத்து வச்சிட்டியா?"

"போட்டேன். ஒன் நாக்குதான் செத்துப்போச்சு."

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. வந்து வாச்ச நாத்தனா சரியில்ல."

இதைச் சொல்லிவிட்டு மூக்கு வியர்க்க வியர்க்கக் குடிப்பாள். உப்பு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். சண்டை இல்லாமல் கொடுத்தால் கஞ்சி தொண்டையில் இறங்காது.

பண்டாவுக்கு இந்த மாமன் பதவி தலைக்கேறிவிட்டது. அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். "மருமக, சோறு தின்னதா? நல்லா தின்னதா?" என்பார். தைப்பொங்கலுக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மார்க்கட்டுக்குப் போய்ச் சிவப்புச் சீப்பு ஒன்று வாங்கிவந்து, கையில் கொடுக்க வெட்கப்பட்டு, சோற்றுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஓடினார்.

உங்களில் ஒருவர் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. இல்லாத உறவை உண்டென்று சொல்லி ஏமாற்றுவது சரியா? நானும் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமே கேட்டேன். "அடியே, நெசமா நான் ஒனக்கு நாத்தனாவா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். புத்தி குறைந்தவள் நானோ என்ற பார்வை. "பொறந்தாத்தானா? எங்க ஆத்தா கடல் தாண்டி வந்தப்ப கூட யாரு வந்தா? நடந்து வந்தவங்கள்லாம் சேந்து வச்சுக்கிட்டதுதான் அக்கா, தங்கச்சி, மாமன் எல்லாம். நம்மளும் வச்சுக்கிட வேண்டியதுதான்."

இது வைத்துக்கொண்ட உறவு என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் நாலுக்குப் பிறகு ஏழு வரும், கிழமை தெரியாது, பொத்தானைத் துளையில் போட மாட்டாள், ஆனால் அறுந்த பொத்தானைத் தைத்துவிடுவாள். மனிதர்களுக்கு நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாய்த் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவளால் நிற்க முடியாது. இருட்டுக்குள் காலை நீட்டிப் படியைத் தேடுகிற மாதிரி ஆகிவிடுவாள்.

இனிமேல்தான் தட்டு விழுகிறது.

இந்த இல்லத்தை நடத்துகிற கமிட்டி ஒருநாள் பார்வையிட வந்தது. அதில் டவுன் சீமாட்டி ஒருவர், பட்டுச் சேலை, நல்ல தமிழ். நல்ல மனுஷிதான்; எங்கள் எல்லோருக்கும் கேக் கொண்டுவந்திருந்தார். அங்கம்மா அவரைத் தூரத்திலிருந்தே அளந்து, முகமெல்லாம் சிரிப்பாக எதிரே போய், அவருடைய இரண்டு கன்னத்தையும் கையால் வழித்து நெட்டி முறித்தாள்.

"வா மதினி! வழி தெரிஞ்சுச்சா? எங்கண்ணன் நல்லாத்தான் சோறு போடறாரு போல, பூசணிக்கா மாதிரி ஆயிட்ட!"

பண்டா குசினிக்குள் ஓடிச் சிரித்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன். சீமாட்டியும் சிரிக்கத்தான் முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மிஸ்ஸி எங்களைக் கூப்பிட்டார். அவருக்கு அங்கம்மா மேல் கோபம் கொஞ்சமும் இல்லை. அவருடைய கவலை வேறு. "இவங்களைப் பார்த்து வெளி ஆட்கள் சிரிக்கக் கூடாது. மரியாதையாப் பேசப் பழகினா மரியாதை கிடைக்கும். இனிமேல் வேலை செய்யறவங்களை ஐயா, மிஸ், அவ்வளவுதான். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டா யாரும் பதில் சொல்லாதீங்க. ஒரு வாரத்திலே பழகிடும்." நாங்கள் சம்பளம் வாங்குகிறவர்கள். தலையாட்டினோம்.

மறுநாள் காலை நான் தகரத் தட்டில் கஞ்சி கொண்டுபோனேன். அவள் சண்டையை ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லவில்லை. நாத்தனாவுக்கு வாய் வலிக்குதோ என்று கேட்டாள். "மிஸ்னு கூப்பிடு, அங்கம்மா" என்றேன். அவள் குசினிப் பக்கம் திரும்பி "மாமா!" என்றாள். பண்டா வாசலில் தலைகுனிந்து நின்றார். அவருக்குப் பதில் சொல்ல வாய் வந்து, அதைக் கையால் பொத்திக்கொண்டார். அங்கம்மா மறுபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வண்டியை விட்டுத் தவறான ஊரில் இறங்கிவிட்டவளின் பார்வை. பிறகுதான் தட்டு பறந்தது.

அதற்குப் பிறகு தட்டை எறியவும் இல்லை. வாங்கவே இல்லை. மத்தியானம் சுருண்டு படுத்தாள். மறுநாளும் அப்படியே. பண்டா அவளுக்குப் பிடித்த பலாக்கொட்டைக் கறி வைத்தார். திரும்பிப் படுத்தாள். ஆட்கள் பிடித்துக்கொண்டு வாயில் ஊட்டப் பார்த்தார்கள், கடித்துவிட்டாள். கமிட்டியின் விதி ஒன்று இருந்தது: சாப்பாட்டை மறுக்கிறவர், கடிக்கிறவர், அடிக்கிறவர் இங்கே இருக்கக் கூடாது, கொழும்பில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசாங்க டொக்டர் வந்து பார்த்துச் சொல்வார். மிஸ்ஸி மனமில்லாமல் டொக்டருக்குச் சொல்லியனுப்பினார். விதியை மீற அவருக்கும் வழியில்லை.

கொழும்பில் அவளுக்கு யாரும் கெடுதல் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள். யாருக்கு யார் என்று வைத்துக்கொள்ள நேரம் இருக்காது. மாமனில்லாமல், நாத்தனாவில்லாமல், ஓர் இரும்புக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தே முடிந்துபோவாள். அது எனக்குத் தெரிந்தது. பயம் பிடித்து ஆட்டியது.

பயத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்று: அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊட்டவில்லை, கெஞ்சவில்லை. பார்த்தேன். மத்தியானம் எல்லோரும் அயர்ந்திருக்கும்போது எழுந்தாள். இல்லத்தின் பின்தோட்டத்துக்குப் போய், ஊற்றுக் குழாயான பீலியில் வழிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். வேலியோரத்துக் கொய்யாவில் கைக்கெட்டியதைப் பறித்து, சேலையில் துடைத்து, மென்று தின்றாள். மறுபடி வந்து படுத்துக்கொண்டாள்.

சாப்பாடு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கைதான் வேண்டாம். பீலிக்குக் கையில்லை. கொய்யா மரம் தன்னை மிஸ் என்று கூப்பிடச் சொல்லவில்லை.

மிஸ்ஸியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த தையலை மடியில் போட்டார். பிறகு, ஒரு குழந்தை தன் மார்க்கைக் கேட்பதுபோல, "அப்ப நான் அவளுக்கு யார்?" என்றார்.

"பெரியம்மா. ஒங்களுக்கே தெரியுமே."

அவரே எழுந்து குசினிக்குப் போனார். தட்டில் சோறு போட்டு, பலாக்கொட்டைக் கறியை ஓரமாய் வைத்து எடுத்துவந்து, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கவுன் மடங்கிய விதத்தைப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர் என்பது தெரிந்தது. "அங்கம்மா, பெரியம்மா வந்திருக்கேன்."

சுவர்ப் பக்கமிருந்த முகம் மெல்லத் திரும்பியது.

"கோவம் தீந்துச்சா பெரியம்மா?"

"தீர்ந்துச்சு."

"நான் என்னா செஞ்சேன்னு கோவம்?"

மிஸ்ஸி ஒரு பிடி சோற்றை உருட்டி நீட்டினார். அவள் எழுந்து உட்கார்ந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பிறகு வாங்கினாள்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தோம். இரண்டு காரியம் மிச்சமிருந்தது. ஒன்று, டொக்டர் வருவதை இனி நிறுத்த முடியாது. கடித்தது கடித்ததுதான், சாப்பிடாதது சாப்பிடாததுதான். மற்றது, மிஸ்ஸியின் நல்ல மனசு.

நல்ல மனசு என்பது இந்த வேலையில் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய சாமான். ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டால் அதை எல்லோருக்கும் உடனே பங்குபோடத் துடிக்கும். மறுநாளே மிஸ்ஸி புது உத்தரவு போட்டார். எல்லோரையும் எல்லோரும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆண்கள் பக்கத்தில் காசிம் இருந்தான். கண்டிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி கலையாமல், கைகளைத் தொடையில் வைத்து, ஜன்னலருகே உட்கார்ந்திருப்பான். பேச்சுக் குறைவு. மிஸ்ஸி அவனிடம் போய், முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, வெகு பிரியமாக, "காசிம் நானா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

காசிம் காதைப் பொத்திக்கொண்டான்.

"நானா இல்ல. எனக்கு ஊட்டுல வாப்பா இரிக்காரு, உம்மா இரிக்கா, ராத்தா இரிக்கா, நானாமாரு இரிக்காங்க. எல்லாரும் தம்பி தம்பிண்டுதான் கூப்பிடுறது. இங்கதான் காசிம்." மார்பில் விரலை வைத்துத் தட்டினான். "காசிம். அதுக்குப் பொறகு ஒண்டும் போட வாணாம்."

உறவு நிறைந்த வீட்டில் யாரோ ஒருவருடைய தம்பியாகவே வளர்ந்தவனுக்குத் தன் பெயர் முதன்முதலாக இங்கேதான் கிடைத்திருக்கிறது. அதை ஒரு நல்ல சட்டையைப்போல மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டிருக்கிறான். அங்கம்மாவுக்கு உயிரைக் கொடுத்த அதே சொல் அவனிடமிருந்து சட்டையை உருவப் பார்த்தது. மிஸ்ஸி அவனிடம் மன்னிப்புக் கேட்டார். "காசிம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். அவன் காதிலிருந்து கையை எடுத்தான்.

இங்கிருந்து போனதும் அங்கம்மாவைப் பற்றிக் கேட்டது நினைவில் நின்று, நாளைக் காலை எல்லோரையும் அக்கா, மாமா என்று கூப்பிடப் புறப்பட்டுவிடாதீர்கள். அதற்கு நான் பேசாமலே இருந்திருக்கலாம். அங்கம்மாவிடம் கற்றது அங்கம்மாவுக்கு. காசிமிடம் போகும்போது வெறுங்கையோடு போங்கள்.

டொக்டர் வந்த நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்தே தூறல். மகாவலிப் பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சு. மோட்டார் கார் மேலேறி வருகிற முனகல் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கம்மாவுக்கு நல்ல சேலை கட்டி, சிவப்புச் சீப்பால் தலைவாரி, முன் அறையில் உட்கார வைத்திருந்தோம். டொக்டர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் அவள் என் குரலில் பேசுவாள். அதைக் கேட்டு யார் என்ன முடிவு செய்ய முடியும்?

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். உயரம், நரை, கறுப்புக் கோட்டு. காரிலிருந்து இறங்கிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, படியேறினார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள் அங்கம்மா. பார்த்த மாத்திரத்தில் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, உள் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏய் நாத்தனா," என்று கிசுகிசுத்தாள், "மச்சாண்டார் வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லக் கூடாது? நான் பாட்டுக்கு நடுவீட்டுல குந்தியிருக்கேன்!"

மச்சாண்டார் என்றால் புருஷனுக்கு மூத்தவர். தம்பி பெண்சாதி அவர் முன்னால் வந்து நிற்கமாட்டாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் இடையில் ஒரு ஆளிடம் சொல்வாள். ஆள் இல்லாவிட்டால் தூணைப் பார்த்துச் சொல்வாள். நானும் தோட்டத்தில் பிறந்தவள்; எத்தனையோ வீடுகளில் பார்த்ததுதான். ஏன் இவரை மச்சாண்டார் ஆக்கினாள்? கைகட்டிய நடையா, நரையா, இருமலா? எனக்குத் தெரியாது. அவள் மனசுக்குள் இருக்கிற அந்த வீட்டில் அந்த இடம் அதுவரை காலியாக இருந்திருக்க வேண்டும்.

முன் அறையில் டொக்டர் கேட்டார்: "ஆள் எங்க?"

"இங்கேதான் இருந்தாள்…" என்றார் மிஸ்ஸி.

"ஒளிச்சிட்டாவோ? சாப்பிடுறேல்லை, கடிக்கிறது, ஆக்களைக் கண்டால் ஒளிக்கிறது. எனக்கு இன்னும் ரெண்டு இடம் பாக்கக் கிடக்கு. கூட்டிக்கொண்டு வாங்கோ."

மிஸ்ஸி வாசலுக்கு வந்து கண்ணால் கெஞ்சினார். கூட்டி வா, கையைப் பிடித்தாவது கூட்டி வா. இழுத்துப்போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, வெட்கத்தில் அழுது, பிடித்த கையைக் கடிக்கிற ஒருத்தியை அவர் பார்ப்பார். பார்த்ததை எழுதுவார். பொய் எழுதமாட்டார், கண் கண்டதைத்தான் எழுதுவார். இழுத்துப்போகாவிட்டால் வெறும் கதவைப் பார்ப்பார். அதையும் எழுதுவார்.

என்ன தைரியத்தில் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அவருக்கென்று போட்டிருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து, உள் அறைக் கதவுக்குப் பக்கத்தில், முதுகு கதவைப் பார்க்கும்படி போட்டேன்.

"டொக்டர் இதுல இருங்க. அவளப் பாக்காதீங்க. கேக்கறத எங்கிட்ட கேளுங்க, அவ சொல்லுவா."

"நான் ஆளைப் பாக்க வந்தனான். பாக்காமல் எப்பிடிப் பாக்கிறது?"

"நீங்க அவளுக்கு மச்சாண்டார் முறை. முன்னுக்கு வரமாட்டா."

மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார். டொக்டர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கதவுக்கடியில் தெரிந்த இரண்டு கால்விரல்களைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது, மச்சாண்டார் எண்டு?"

"அவதான்."

அவர் உடனே உட்காரவில்லை. வெளியே தூறலைப் பார்த்தார். "எங்கட அம்மா பெரியப்பாவோட ஒரு நாளும் நேர கதைச்சதில்லை," என்றார், யாரிடமும் இல்லாமல். "கதவுக்குப் பின்னால நிண்டு எனக்குச் சொல்லுவா. நான் அவருக்குச் சொல்லுவன்." கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "சரி. பேர் என்னவெண்டு கேளும்."

கதவு பேசியது. "தம்பி பொண்டாட்டி பேரு மறந்துபோச்சாமா? அங்கம்மான்னு சொல்லு."

"அங்கம்மாவாம்," என்றேன்.

"என்ன வயது?"

"கண்ணாலத்துக்குச் சாதகம் பாத்தது அவங்கதான? அவங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லு."

சொன்னேன். டொக்டரின் மீசை கொஞ்சம் அசைந்தது.

"இப்ப இருக்கிறது எந்த இடம்?"

"டவுனுக்கு மேல, பெரியம்மா வீடு. மழ பேஞ்சா ஓடு ஒழுகும். அதச் சொல்லாத, பெரியம்மாவுக்கு வெக்கமாப் போயிரும்."

"டவுனுக்கு மேல பெரியம்மா வீடாம்."

"ஓடு ஒழுகுறது எனக்கும் கேட்டது," என்றார் டொக்டர். பிறகு குரல் மாறியது. "அப்ப, ஏன் சாப்பிடாமல் கிடந்தவ? அதைக் கேளும்."

இந்தக் கேள்விக்குத்தான் அவர் மலை ஏறி வந்தது. இதில்தான் எல்லாம் இருந்தது. ஓட்டுத் துவாரத்திலிருந்து கீழே வைத்த பாத்திரத்துக்குள் தண்ணீர் சொட்டியது. மிஸ்ஸி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவிடம் சொன்னேன்: "ஏன் சாப்பிடலன்னு கேக்கறாங்க, அங்கம்மா."

மெதுவாக வந்தது பதில். இதுவரை இருந்த விளையாட்டு அதில் இல்லை.

"திடீர்னு எல்லாரும் வேத்தாளாயிட்டாங்க. யாருன்னு தெரியாதவங்க கைய நீட்டுறாங்க. யாரு எவருன்னு இல்லாம வாங்கித் திங்க நான் என்னா பிச்சக்காரியா? நம்ம வீட்டுப் பொம்பளைக்கு ரோசம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். சொல்லு."

நான் சொல்ல வாய் திறந்தேன். டொக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கு அது நேராகவே போய்விட்டது. மிஸ்ஸி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெகுநேரம் அந்த மனிதர் கதவுக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்கள் இங்கே வந்து எங்களவர்களை உற்று உற்றுப் பார்த்திருக்கிறார்கள். பார்க்காமல் இருந்து ஒருத்தியை அறிந்துகொண்டவர் இவர் ஒருவர்தான். பிறகு இருமல் வந்துவிட்டது.

"என்னா நாத்தனா, பாத்துக்கிட்டே நிக்கிற? இருமுறாங்கல்ல? மாமாகிட்டச் சொல்லிக் கொத்தமல்லித் தண்ணி வச்சாரச் சொல்லு. இஞ்சி தட்டிப் போடணும். வெறும் தேத்தண்ணியக் குடுத்து அனுப்பிராத, நம்ம வீட்டு மானம் போயிரும்."

பண்டா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார். டொக்டர் ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தொப்பியை எடுத்தார். என்ன முடிவு என்று ஒரு வார்த்தை இல்லை. மிஸ்ஸிக்குக் கேட்கப் பயம். எனக்கும் பயம். விறாந்தைக்கு வந்தோம். டிரைவர் காரைக் கிளப்பினான். டொக்டர் படியிறங்கி ஒரு காலைக் காரில் வைத்தார்.

"நாத்தனா!" முன்கதவுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். "அவங்க கோட்டுல நடுப்பொத்தான் இல்ல. நூலு தொங்குது. வீட்டுல பொம்பளைங்க யாரும் பாக்கறதில்லையான்னு கேளு."

அவருக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் முறை முறைதான். நான் சொன்னேன். அவர் கை தானாகக் கோட்டுக்குப் போய், தொங்கிய நூலைத் தொட்டது.

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லும்."

சொன்னேன். கதவுக்குப் பின்னால் வளையல் ஒருமுறை அசைந்தது.

"அடுத்த வாட்டி பொத்தானக் கொண்டாரச் சொல்லு. நான் தைச்சுக் குடுக்கறேன். ஆனா…" குரல் இறங்கியது. நாங்கள் யாரும் அவளிடம் கொழும்பு என்ற பேச்சையே எடுத்ததில்லை. "அப்ப நான் இங்க இருப்பேனா, கொழும்புக்கு ஏத்தி விட்ருவாங்களா? அதையும் கேளு."

என்னால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. டொக்டர் காத்திருக்கவில்லை. கதவின் பக்கம் முகம் திருப்பாமல், விறாந்தைத் தூணைப் பார்த்துச் சொன்னார்:

"பொத்தானோட வாறன் எண்டு சொல்லும். அவ இஞ்சதான் இருப்பா எண்டும் சொல்லும்."